மூன்றாவது துண்டு

குன்னத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்த பிறகுதான், காலில் கிடப்பது தன் செருப்பு இல்லை என்பது லோகநாயகிக்குத் தெரிந்தது. யாருடையதோ. கம்பெனி வாசலில் இருபது ஜோடி கிடக்கும், வந்த அவசரத்தில் கைக்கு வந்ததை மாட்டிக்கொண்டு ஓடி வந்திருக்கிறாள். போகட்டும், செருப்பா இப்போது முக்கியம். போனை எடுத்துத் தம்பி பொண்டாட்டி மேகலாவை மறுபடி கூப்பிட்டாள். மணி அடித்துக்கொண்டே இருந்தது. எடு, எடுடி தாயே, ஒரு தடவை எடு. எடுக்கவில்லை. பிள்ளை அழுகிற வீட்டில் போன் எந்தப் போர்வைக்கு அடியில் கிடக்கிறதோ, யார் காதில் விழப்போகிறது. இது ஏழாவது தடவை. தம்பி பூபதி சொன்னது மொத்தமே நாலு வார்த்தை. பத்தரை மணி டீக்கு வெளியே வந்து நின்றபோது கூப்பிட்டான். லாரி ஓட்டிக்கொண்டிருந்தான், சேலத்துப் பக்கம் எங்கேயோ. "அக்கா, பையன் விடியக்காலத்துல இருந்து நிறுத்தாம அழுகறானாம். கழுத்துக்குப் பின்னால செவசெவன்னு ஒரு புள்ளி இருக்குதாம், என்னன்னு தெரியலைங்கறா மேகலா." லோகநாயகி கேட்டது ஒன்றே ஒன்று. "என்ன சட்டைடா போட்டிருக்குது?" "அத்தை குடுத்த சட்டைதான். நேத்து சாயங்காலம் போட்டு உட்டாங்களாம்." அத்தை குடுத்த சட்டை. பதினெட்டு நாள் பிள்ளைக்கு அத்தை என்றால் வேறு யார், பூபதிக்குக் கூடப் பிறந்தது அவள் ஒருத்திதான். "கழட்டச் சொல்லுடா. இப்பவே கழட்டச் சொல்லு." "ஏன், வேர்க்குதுங்கறியா? நான் வண்டியில இருக்கறேன், நீயே கூப்புட்டுச் சொல்லு," என்று வைத்துவிட்டான். அவ்வளவுதான். ஏன் என்று கேட்டானே, அந்த ஏனுக்கு அவள் பதில் சொல்லவில்லை. வேர்க்குது என்று அவனே ஒரு காரணத்தை எடுத்துக் கொடுத்தான், அவளும் அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

பஸ் புஷ்பா ஸ்டாப்பைத் தாண்டி நகர்ந்தது, நகர்ந்தது என்று சொல்வதே தப்பு, உருண்டது. முன்னால் ஒரு டெம்போ, அதற்கு முன்னால் இன்னொரு டெம்போ, எல்லாவற்றிலும் துணி மூட்டை. இந்த ஊரில் எந்தப் பக்கம் திரும்பினாலும் துணிதான். ஊசி உடைந்த அன்றைக்கும் இப்படித்தான் இந்த ரோடு அடைத்துக்கொண்டிருந்தது. பதினாலாம் தேதி. ரத்தினாக்காவின் கம்பெனி என்றால் பெரிய கம்பெனி இல்லை, பதினாறு மெஷின், ஒரு அயர்ன் டேபிள், பிறந்த குழந்தைக்கான ஜப்லா மட்டும்தான் தைப்பார்கள். பட்டன் கிடையாது, ஜிப் கிடையாது, முன்பக்கம் நாடா வைத்து முடிச்சுப் போடுகிற சட்டை. அந்த நாடாவை வைத்துத் தைப்பது லோகநாயகியின் வேலை. கழுத்துப் பட்டியும் நாடாவும் சேருகிற இடத்தில் துணி நாலு மடிப்பாகிவிடும், ஊசி முக்கும். அங்கேதான் உடையும். ரத்தினாக்கா அந்தக் காலத்தில் பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள், அங்கே படித்த பாடத்தை இங்கே கொண்டு வந்து ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். ஊசி நோட்டு. யார் மெஷினில் ஊசி உடைந்தாலும் தேதி, நேரம், பேர் எழுதி, உடைந்த துண்டு அத்தனையையும் பொறுக்கி, பக்கத்தில் வைத்து டேப் போட்டு ஒட்ட வேண்டும். துண்டுகளைச் சேர்த்து வைத்தால் முழு ஊசி வர வேண்டும். ஒரு துண்டு குறைந்தால் லைன் நிற்கும், மேசையில் குவிந்து கிடக்கிற பீஸ் எல்லாவற்றையும் காந்தம் வைத்துத் தடவி, கையால் அமுக்கி, ஒவ்வொன்றாகப் பார்த்த பிறகுதான் எழுந்திருக்கலாம். "பெரியவங்க சட்டைன்னா குத்துச்சுன்னு கழட்டிப் போட்டுருவாங்க. இதைப் போடறது யாரு? குத்துதுன்னு சொல்ல வாய் இல்லாதது," என்பாள் ரத்தினாக்கா. இதை வேலைக்குச் சேருகிற ஒவ்வொருத்தியிடமும் சொல்வாள், லோகநாயகியே நாலைந்து பேருக்கு இதே வார்த்தையைத் திருப்பிச் சொல்லியிருக்கிறாள். சொன்ன வாய்தான் இது.

கண்டக்டர் வந்து நின்றான். "எங்கம்மா?" "குன்னத்தூர். வேகமா போகாதா?" என்று கேட்டாள், கேட்ட பிறகு வெட்கமாக இருந்தது. "முன்னால நிக்கற டெம்போகாரன்கிட்டக் கேட்டுச் சொல்றேன்," என்று டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போனான். கிண்டல். இருக்கட்டும், அவனுக்கு என்ன தெரியும். ஊசி உடைந்த அன்றைக்கு மணி நாலு இருபது. ரத்தினாக்கா ஆபீஸ் ரூமிலிருந்து கையைத் தட்டிக்கொண்டே வந்தாள், "ஏ லோகு, உனக்கு மருமகன் பொறந்துட்டான்டி!" தம்பி மகன், அத்தைக்கு மருமகன். கல்யாணமாகி ஆறு வருஷம் கழித்துப் பிறந்த பிள்ளை. மேகலா ஏறி இறங்காத ஆஸ்பத்திரி இல்லை, இரண்டு தடவை தங்கிக் கலைந்து, மூன்றாவது தடவை ஐந்து மாசம் வரை யாரிடமும் மூச்சு விடாமல் வைத்திருந்து பெற்ற பிள்ளை. லோகநாயகி திரும்பிப் பார்த்தாள், கால் பெடலில் இருந்தது, துணி இழுபட்டது, டக்கென்று ஒரு சத்தம். மேல் துண்டு மெஷினிலேயே மாட்டிக்கொண்டு நின்றது. கண் இருக்கிற நடுத்துண்டு தட்டின் மேலேயே கிடந்தது. முனை இல்லை. எள்ளைவிடக் கொஞ்சம் நீளம் இருக்குமா, அவ்வளவுதான் இருக்கும் அந்த முனை. காந்தத்தை எடுத்துத் தரையெல்லாம் உருட்டினாள். பாபினைக் கழற்றிப் பார்த்தாள். மடியை உதறினாள். தலைமுடியைக்கூட உதறினாள். நாலு நாற்பது. ஐந்து பத்துக்கு பஸ், அதை விட்டால் ஆஸ்பத்திரியில் பார்க்கிற நேரம் முடிந்துவிடும், பிள்ளையின் உதட்டில் முதல் இனிப்பைத் தொட்டுச் சேனை வைக்க அவள் வந்தால்தான் ஆகும் என்று மேகலா வலியிலேயே சொல்லி விட்டிருந்தாளாம். சொன்னால் லைன் நிற்கும், இருநூறு பீஸுக்கு மேல் மேசையில் குவிந்திருக்கிறது, ஏழரை ஆகிவிடும், பதினாறு பேரும் அவளுக்காக உட்கார வேண்டும். டப்பாவில் ஒரு மழுங்கின ஊசி இருந்தது. மாற்றும்போதே திருப்பிக் கொடுத்திருக்க வேண்டிய ஊசி, சோம்பல்பட்டுக் கொடுக்காமல் வைத்திருந்தது. அதை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டு பாத்ரூமுக்குப் போனாள். பிளேயரால் ஒரு அமுக்கு, முனை தனியாக வந்தது. அளவுகூடப் பார்த்து அமுக்கினாள், பாவி, அந்த நேரத்திலும் கை நடுங்கவில்லை. "கிடைச்சிருச்சுங்க்கா." ரத்தினாக்கா கண்ணாடியைப் போட்டு மூன்று துண்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தாள், முழு ஊசி வந்தது, டேப் ஒட்டிக் கையெழுத்துப் போட்டாள். போட்டுவிட்டுச் சும்மா விட்டாளா. "அத்தைக்காரி வெறுங்கையோட போகக் கூடாது" என்று லோகநாயகியின் மேசையில் குவிந்து கிடந்ததிலிருந்தே ஆறு சட்டையை எண்ணி எடுத்து ஒரு கவரில் போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்று எப்படிச் சொல்வது. வேண்டாம் என்றால் ஏன் என்று கேட்பாள்.

பக்கத்து சீட்டில் ஒரு பெண் வந்து உட்கார்ந்தாள், மடியில் மூன்று மாசக் குழந்தை. லோகநாயகி பார்க்கக்கூடாது என்று ஜன்னல் பக்கம் திரும்பினாள், திரும்பின கண் தானாக மறுபடி இந்தப் பக்கம் வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை, வாத்துக்குஞ்சுப் படம், நாடா. நாடா எங்கே சேர்கிறது, கழுத்துப் பட்டிக்குக் கீழே, தையல் சுமார்தான், வேறு கம்பெனி. ஆறு சட்டையையும் அன்றைக்கு பஸ்ஸிலேயே பார்த்தாளே. இல்லை என்று யார் சொன்னது. மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக எடுத்து, நாடா வைத்த இடத்தைக் கட்டை விரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நெருடிப் பார்த்தாள். இருபது வருஷம் துணியைத் தொட்ட விரல், ஒரு நூல் முடிச்சு அதிகம் இருந்தாலே சொல்லிவிடும். ஒன்று. இரண்டு. மூன்று. அப்போது பூபதி போன் பண்ணினான், எங்கக்கா வர்றே என்று. பேசிக்கொண்டே நாலு. ஐந்து. ஆறாவதைப் பார்க்கும்போது ஆஸ்பத்திரி ஸ்டாப் வந்துவிட்டது. பார்த்தாளா, மடித்து உள்ளே வைத்தாளா? மடித்தது ஞாபகம் இருக்கிறது. கவரின் வாயைச் சுருட்டினது ஞாபகம் இருக்கிறது. விரலால் நெருடினது ஞாபகத்தில் இல்லை. இல்லை, இருக்கிறது, அது ஐந்தாவது. ஐந்தாவதற்கும் ஆறாவதற்கும் என்ன வித்தியாசம், எல்லாம் ஒரே கோழிக்குஞ்சுப் படம். ஒன்றிலிருந்து மறுபடி ஆரம்பித்து எண்ணிப் பார்த்தாள், பூபதியின் போன் வருகிற இடத்தில் கணக்கு அறுந்து போனது. மறுபடி ஒன்று. மறுபடி அறுந்தது. "என்னங்க வேணும்?" என்று அந்தப் பெண் கேட்டாள். பார்த்தால், லோகநாயகியின் விரல் அந்தக் குழந்தையின் நாடாவைப் பிடித்துக்கொண்டிருந்தது. "ஒண்ணுமில்லைங்க. நல்ல சட்டை. எங்க வாங்குனீங்க?" "இங்கதாங்க, காதர்பேட்டையில," என்று சொல்லி அவள் குழந்தையை அந்தப் பக்கத் தோளுக்கு மாற்றிக்கொண்டாள். பிள்ளை பிடிக்கிறவள் என்று நினைத்திருப்பாள். அந்தப் பிள்ளை தோளுக்கு மேலே தலையைத் தூக்கி லோகநாயகியைப் பார்த்துச் சிரித்தது. சிரிக்காதே சாமி, என்னைப் பார்த்துச் சிரிக்காதே.

தரையில் விழுந்திருக்கும். அப்படித்தான் இத்தனை நாளும் தன்னைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தாள். சாயங்காலம் கூட்டிப் பெருக்குகிறார்கள், கட்டிங் வேஸ்ட்டோடு சேர்ந்து போயிருக்கும், இத்தனூண்டு முனை, காற்றடித்தால் பறக்கும். முதல் ராத்திரி தூக்கம் வரவில்லை, இரண்டாம் ராத்திரி கொஞ்சம் வந்தது, ஒரு வாரத்தில் சோறு வழக்கம்போல இறங்கியது. மனசு என்ன லேசுப்பட்டதா, கொஞ்சம் இடம் கொடுத்தால் காலை நீட்டிப் படுத்துக்கொள்ளும். தரையில் விழுந்தது என்று தினமும் சொல்லிச் சொல்லி, விழுந்ததைக் கண்ணால் பார்த்த மாதிரியே ஆகிவிட்டது. டிங் என்று ஒரு சத்தம்கூடக் கேட்டதாகத் தோன்றியது. பதினாறு மெஷின் ஓடுகிற இடத்தில் எள்ளளவு முனை விழுந்த சத்தம் யாருக்குக் கேட்கும். போயம்பாளையம் பிரிவில் பஸ் நின்று கூட்டம் ஏறியது. எட்டாவது தடவை. மணி அடித்தது, நின்றது. குறுக்கே ஒரு குரல், நீங்கள் அழைக்கும் நபர் தற்போது. தெரியும் போடி. கழுத்துக்குப் பின்னால் செவந்த புள்ளி. நாடா முன்னால்தானே இருக்கிறது, பின்னால் எப்படி வரும்? வரும், ஏன் வராது. இழுபட்டு நடந்திருக்கும். முனை நாடாவுக்குள் இருந்து நகர்ந்து பட்டிக்குள் போய், பட்டி வழியாகச் சுற்றிக் கழுத்துக்குப் பின்னால் வந்திருக்கும். துவைத்துக் கசக்கியிருந்தால் இன்னும் சுலபம். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைப்பார்கள். தலைதான் அந்த உடம்பிலேயே கனமானது. அந்தக் கனம் முழுக்க அந்தப் புள்ளியில் இறங்கும். அழ அழத் தூக்குவார்கள், தூக்கினால் அழுகை நிற்கும், ஆஹா பசி என்று நினைத்துப் பால் கொடுத்து மறுபடி படுக்க வைப்பார்கள். மறுபடி. விடியக்காலத்திலிருந்து எத்தனை மறுபடி. அது உள்ளே இறங்கிவிட்டால் எங்கே போகும்? ரத்தத்தோடு போகுமா? யாரைக் கேட்பது. ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். நான் கொன்னுட்டேன்டா பூபதி. இந்த வார்த்தை முழுசாக மனசுக்குள் வந்து நின்றது. சீச்சீ, என்ன வாய் இது, நாக்கை அறுக்கணும்.

சேனையை நினைத்துக்கொண்டாள். வேண்டுமென்று நினைக்கவில்லை, அதுவாக வந்தது. ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா "சர்க்கரைத் தண்ணி, தேன் ஒண்ணும் குடுக்கக் கூடாது, தாய்ப்பால் மட்டுந்தான்" என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பினாள், மேகலாவின் அம்மா கண்ணைக் காட்டினாள். லோகநாயகி சுண்டுவிரலைச் சர்க்கரைத் தண்ணியில் தொட்டு அந்தச் சின்ன உதட்டில் ஒற்றினாள். யார் சேனை வைக்கிறார்களோ அவர்களுடைய குணம்தான் பிள்ளைக்கு வரும் என்பார்கள். மேகலா சோர்ந்து போய்ப் படுத்திருந்தவள், "உங்க குணம் வந்தாப் போதுமுங்க அண்ணி" என்று சிரித்தாள். அம்மா செத்த பிறகு பூபதியை எட்டு வயசிலிருந்து வளர்த்தவள், யார் வீட்டுத் துரும்பையும் எடுக்காதவள், அண்ணி குணம் தங்கம் என்று அந்த வீட்டில் பேர். தங்கத்தின் விரலில் அன்றைக்கு சோப்புப் போட்டும் போகாத மெஷின் எண்ணெய் இருந்தது. பாத்ரூமில் பிளேயர் பிடித்த அதே விரல், ரெண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் குணமா வரப்போகிறது அவனுக்கு? நாளைக்குப் பெரியவனாகி எதையாவது உடைத்துவிட்டு, வேறொன்றைக் கொண்டு வந்து ஒட்ட வைத்து, சரியாக இருக்கிறது பாருங்கள் என்று நிற்பான். பெரியவனாகட்டும். முதலில் பெரியவனாகட்டும், எப்படி வேண்டுமானாலும் இருந்துவிட்டுப் போகட்டும், திருடனாக வந்தாலும் சரி, உசுரோடு இருந்தால் போதும்.

பெருமாநல்லூரில் பஸ் ஐந்து நிமிஷம் நின்றது. டிரைவர் இறங்கிப் போய்த் தண்ணீர் குடித்தான், வாயைக் கொப்பளித்தான், யாரோடோ பேசினான். ஐந்து நிமிஷம் என்பது எவ்வளவு பெரியது. காலையில் கிளம்பும்போது ரத்தினாக்காவிடம் குழந்தைக்கு முடியவில்லை என்று சொன்னபோது, "போயிட்டு வா கண்ணு, பையனைப் பாரு. அட்டைப்பெட்டி எல்லாம் வந்துருச்சு, மத்தியானம் ஒரு மணிக்கு வண்டி வருது, நாங்க ஏத்திக்கறோம்" என்றாள். பதினாலாம் தேதி கம்பெனியில் தைத்த நாற்பது டஜன் சட்டையும் அட்டைப்பெட்டி வராமல்தான் இத்தனை நாள் மூலையில் அடுக்கிக் கிடந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் தண்ணீர் குடிக்கப் போவாள். தாண்டும்போது அந்தப் பக்கம் பார்க்க மாட்டாள். இன்றைக்கு அதுவும் போய்விடும், கண்ணில் படாது, நல்லதுதான். இப்போது அதையா நினைப்பது, பிள்ளையை நினை. என்ன சொல்வாள் மேகலாவிடம்? சட்டையைக் கழட்டு என்று சொல்லலாம், கழட்டிப் பார்த்து, முனையை எடுத்து, முந்தானையில் முடிந்துகொண்டு, எறும்பு கடித்திருக்கிறது என்று சொல்லிவிடலாம். பார், பார் இந்தப் புத்தியை. பிள்ளை கழுத்தில் ஊசி ஏறிக்கிடக்கிற நேரத்திலும் மறைக்கிற வழியைத்தான் தேடுகிறது. இல்லை, சொல்லிவிடுவாள். காலில் விழுந்து சொல்லுவாள். பூபதி அடிப்பானா? அடிக்க மாட்டான், பேசாமல் இருந்துவிடுவான், அதுதான் கொடுமை. டிரைவர் ஏறினான். பஸ் கிளம்பியதும் காற்று முகத்தில் அடித்தது, அப்போதுதான் கன்னம் ஈரமாக இருப்பதே தெரிந்தது.

குன்னத்தூரில் இறங்கினபோது மணி பன்னிரண்டே கால். மேகலாவின் அம்மா வீடு மெயின் ரோட்டிலிருந்து நாலாவது சந்து. ஓட முடியவில்லை, இந்த யாருடையதோ செருப்பு ஒரு அளவு பெரிசு, காலை விட்டுக் கழண்டு கழண்டு போனது. கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு நடந்தாள். தார் சுட்டது. முதல் சந்து. இந்நேரம் அழுகைச் சத்தம் கேட்க வேண்டும். இரண்டாவது சந்து. யார் வீட்டிலோ மிக்ஸி ஓடியது, அதுதான் காதை அடைக்கிறது, அது நின்றால் கேட்கும். நின்றது. கேட்கவில்லை. மூன்றாவது சந்து. விடியக்காலத்திலிருந்து நிறுத்தாமல் அழுகிற பிள்ளை இப்போது ஏன் அழவில்லை? அழுடா. அழு கண்ணு, அத்தை வந்துட்டேன், ஒரு சத்தம் குடு. வாசலில் இரண்டு ஜோடி செருப்பு கிடந்தது, கூட்டம் இல்லை, ஆட்டோ இல்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்களா? கதவு லேசாகச் சாத்தியிருந்தது. கையை வைத்தவள் தள்ளாமல் நின்றாள், எத்தனை நேரம் நின்றாளோ, உள்ளே இருந்து மேகலாவின் அம்மா கதவைத் திறந்துகொண்டு குப்பைக்கூடையோடு வெளியே வந்து மோதப் பார்த்தாள். "அட, வாங்க! என்னங்க சொல்லாம கொள்ளாம? ஏன் செருப்பைக் கையில புடிச்சிருக்கறீங்க?"

"பையன் எங்கீங்க?" என்றாள் லோகநாயகி. "உள்ள தூங்கறான். இப்பத்தான் அடங்குனான். அப்பப்பா, என்ன அழுகை! எறும்புங்க. சிவப்பெறும்பு. தொட்டில் கயித்து வழியா எறங்கி வந்து கழுத்துல கடிச்சு வெச்சிருக்குது. பத்து மணிக்கு மேலதான் கண்டுபுடிச்சோம், தூக்கினதும் என்ற கைமேலயே ஒண்ணு ஏறுச்சு." லோகநாயகி அவளைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். மேகலா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள், மடியில் பிள்ளை. வாய் லேசாகத் திறந்து, ஒரு கை காதுக்குப் பக்கத்தில் மடங்கி, மூச்சு ஏறி இறங்கியது. ஏறி இறங்கியது. போட்டிருந்தது பழைய சட்டை. நைந்து, சாயம் போய், தோளில் ஒட்டுப்போட்டிருந்த நீலச் சட்டை. கோழிக்குஞ்சு இல்லை. "நான் குடுத்த சட்டை எங்க?" "அதை எப்படிங்கண்ணி போடறது? முப்பதாம் நாள் சாமி கும்பிடாம புதுச்சட்டை போடக்கூடாதுன்னு அம்மா பீரோவுல பூட்டி வெச்சிருக்குது. இது எங்க அத்தை குடுத்தது, எங்கப்பாவோட தங்கச்சி. அவிங்க பேரன் போட்டுப் பழசானது. நல்லா வளர்ந்த பையன் போட்ட சட்டைன்னு குடுத்தாங்க. நேத்து சாயங்காலம்தான் போட்டோம்." அத்தை குடுத்த சட்டை. மேகலாவின் அத்தை. மேகலா சொன்ன அத்தையைப் பூபதி தன் பிள்ளையின் அத்தை என்று நினைத்துச் சொல்லிவிட்டான், அவளும் அப்படியே வாங்கிக்கொண்டாள். லோகநாயகிக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள், சிரிப்பு நிற்காமல் அழுகையாக மாறி, அழுகையும் நிற்காமல், முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். "ஐயோ, இவனுக்காகவா இப்படி ஓடி வந்தீங்க? எறும்புக்கடிக்கா?" என்று மேகலாவும் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"அந்தக் கவரைக் கொஞ்சம் எடும்மா," என்றாள் லோகநாயகி. ஏன் என்று யாரும் கேட்கவில்லை. ஆறு சட்டையும் பிரிக்காமல் அப்படியே இருந்தது. மடியில் பரப்பி, முதலிலிருந்து ஆரம்பித்தாள். நாடா சேருகிற இடம், பட்டி, பட்டியின் முழுச் சுற்று, ஓரத் தையல். ஒன்று. இரண்டு. இந்தத் தடவை யாரும் போன் பண்ணவில்லை. மூன்று, நாலு, ஐந்து. ஆறாவதை இரண்டு தடவை பார்த்தாள், பல்லால்கூட மெல்லக் கடித்துப் பார்த்தாள். ஒன்றும் இல்லை. எதிலும் இல்லை. அப்பாடா என்று ஒரு மூச்சு வெளியே வந்தது, பாதியிலேயே நின்றது. இதில் இல்லை. இதில் இல்லையென்றால்? தரையில் விழுந்திருக்கும். டிங் என்று கேட்டதே. கேட்டதா? சுவரில் கடிகாரம் பன்னிரண்டு ஐம்பது காட்டியது. இப்போது பேசாமல் இருந்தால் யாருக்கும் தெரியாது. ஒரு மணிக்கு வண்டி, அப்புறம் அது எந்தெந்த ஊர்க் கடைக்கோ போகும். பையன் நல்லா இருக்கிறான், சட்டை சுத்தமா இருக்கிறது, நோட்டில் முழு ஊசி ஒட்டியிருக்கிறது. எழுந்து கை கால் கழுவி, போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டுப் போகலாம். பஸ்ஸில் தோளுக்கு மேலே தலையைத் தூக்கிச் சிரித்ததே அது. அந்த மாதிரி ஒன்று இந்தச் சட்டையில் அழுதால், கழட்டிப் பார் என்று சொல்ல அதற்கு எந்த அத்தை பஸ் ஏறி ஓடி வருவாள்?

பிள்ளை நெளிந்தது, முகத்தைச் சுளித்து ஒரு தடவை கத்தியது. மேகலா குனிந்து கழுத்தடியில் பார்த்து, ஒரு நூல் பிசிறை எடுத்து ஊதினாள். "பாருங்கண்ணி, ஒரு நூல் ஒட்டியிருந்தாக்கூட எடுக்கற வரைக்கும் உடமாட்டேங்கறான். நீங்க வெச்ச சேனை. உங்க குணம் அப்படியே வந்திருக்குது." லோகநாயகி எழுந்து ஜன்னலோரம் போனாள். அன்றைக்கு நடுங்காத கை இன்றைக்கு ஒரு நம்பரை அழுத்த முடியாமல் நடுங்கியது. இரண்டாவது மணியிலேயே ரத்தினாக்கா எடுத்துவிட்டாள். "என்ன கண்ணு, பையன் எப்படி இருக்கறான்?" "நல்லா இருக்கறானுங்க்கா. எறும்புக்கடிதான். வண்டி போயிருச்சுங்களா?" "முன்னாலயே வந்துட்டான், ஏத்திட்டு இருக்கறோம். இன்னும் ரெண்டு பெட்டிதான்." "நிறுத்தச் சொல்லுங்க்கா." "ஏன்டி?" "ஊசி நோட்டை எடுங்க. பதினாலாந்தேதி." பக்கம் புரளுகிற சத்தம் கேட்டது. புரண்டு நின்றது. "ஆமா, உன்ற பேருதான். நாலு இருவது. என்ற கையெழுத்து இருக்குது, மூணு துண்டும் இருக்குது. அதுக்கு என்ன இப்ப?" லோகநாயகி கண்ணை மூடிக்கொண்டாள். "மூணாவது துண்டு அந்த ஊசியோடது இல்லீங்க்கா. நான் வேற ஊசியை உடைச்சு ஒட்டுனேன்." அந்தப் பக்கம் யாரோ பெட்டியைத் தரையில் இழுத்தார்கள். "அப்ப அந்த மொனை எங்கடி?"

மேகலாவின் மடியில் பிள்ளை மறுபடி தூங்கிவிட்டிருந்தது. பாயில் ஆறு சட்டையும் நாடா பிரிந்து கிடந்தன.

"இங்க இல்லீங்க்கா," என்றாள். "அங்கதான் இருக்குது."